பத்து லட்சம் கிலோமீற்றரை நெருங்கும் ட்ரக்கை முதல் ட்ரக்காக வாங்கலாமா?

ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஒன்ராறியோவில் ஏ-இசட் என்கிற, ட்ரெயிலர் இழுக்கும் பெரிய ட்ரக் ஓட்டும் லைசென்ஸ் எடுத்து மூன்று வருடம். இதுவரை கொம்பனி ட்ரக்தான் ஓட்டுகிறார். கையில் 25,000 டொலர் சேமிப்பு. மிசிசாகாவில் ஒரு டீலரிடம் 2018 மொடல் ஸ்லீப்பர் ட்ரக் ஒன்று நிற்கிறதாம். 9,80,000 கிலோமீற்றர் ஓடியது, விலை 62,000 டொலரும் வரியும். 20,000 முன்பணம் கட்டினால் மீதி 50,000க்கு டீலரே கடன் ஒழுங்கு செய்து தருவார், வட்டி பத்து சதவீதம், நான்கு வருடம், மாதம் 1,458 டொலர். "வாங்கலாமா அண்ணை, எதை எதைப் பார்க்க வேண்டும்?" என்பதுதான் கேள்வி.

தம்பி, ட்ரக் நல்லதாக இருக்கலாம், அதைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆனால் அந்தக் கடன் நல்லதல்ல, அதைப் பார்க்காமலே சொல்லலாம். 25,000இல் 20,000ஐக் கட்டிவிட்டு மிச்சம் 5,000 டொலருடன் ரோட்டில் இறங்குவது அதையும் விட மோசமான யோசனை. ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். முதலில் ட்ரக்.

கிலோமீற்றரைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம். 13 லீற்றர், 15 லீற்றர் டீசல் எஞ்சின்கள் பத்து லட்சத்தைத் தாண்டி ஓடுவது புதினமில்லை. நான் முதலில் கேட்பது எஞ்சின் எத்தனை மணிநேரம் ஓடியது என்பதைத்தான். ஈசிஎம் என்கிற எஞ்சின் கம்ப்யூட்டரில் மொத்த மணிநேரம், சும்மா நின்று ஓடிய மணிநேரம், மொத்தம் குடித்த டீசல், வந்து போன பிழைக் குறியீடுகள் எல்லாம் பதிந்திருக்கும். அந்த மேக்கின் சர்வீஸ் கராஜில் அதை அச்சடித்துத் தருவார்கள். உங்கள் ட்ரக்குக்கு 17,000 மணிநேரம் என்று வந்தால், 9,80,000ஐ வகுத்துப் பாருங்கள்: மணிக்கு ஏறக்குறைய 58 கிலோமீற்றர் சராசரி. ஹைவேயில் ஓடிய ட்ரக், நல்லது. அதே ட்ரக்குக்கு 26,000 மணிநேரம் என்று வந்தால் சராசரி 38தான். அதாவது இரவெல்லாம் ஹீட்டருக்காக எஞ்சினை ஓடவிட்டுத் தூங்கியிருக்கிறார்கள், அல்லது நகருக்குள் நின்று நின்று ஓடியிருக்கிறது. கிலோமீற்றர் ஒன்றுதான், ஆனால் அந்த எஞ்சின் 9,000 மணிநேரம் கூட வயதானது. மணிநேரத்தைக் கேட்டதும் "அதெல்லாம் எதற்கு, ஓடிப் பாருங்களேன்" என்று சொல்கிற விற்பனையாளரிடம் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

பிழைக் குறியீடு ஒன்றும் இல்லை, சுத்தமாக இருக்கிறது என்று காட்டினால் அதையும் அப்படியே நம்ப வேண்டாம். காலையில் அழித்துவிட்டு மத்தியானம் காட்டலாம். ஒரு மணிநேரமாவது ஹைவேயில், முடிந்தால் பின்னால் சுமையேற்றிய ட்ரெயிலருடன் ஓட்டிவிட்டு, திரும்பி வந்து மறுபடி வாசிக்கச் சொல்லுங்கள்.

இனி என் சொந்தக் கதை. 2016 பெப்ரவரியில் என் முதல் ட்ரக்கைப் பார்க்கப் போனேன். வெளியில் மைனஸ் 18. போய் இறங்கும்போதே எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, கபின் இதமாகச் சூடாக இருந்தது, விற்பவர் கையில் கோப்பியும் தந்தார். "குளிரில் வருகிறாய், அதுதான் சூடாக்கி வைத்தேன்" என்றார். எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்தேன். மூன்று கிழமை கழித்து ஹைவே 17இல் வாவாவுக்குக் கிட்ட, இரவு பதினொரு மணிக்கு, கூலன்ட் விளக்கு எரிந்தது. பத்து நிமிடத்தில் எஞ்சின் தானாக நின்றுவிட்டது. சூ சென் மரி வரைக்கும் இழுத்துக்கொண்டு போகவே 2,900 டொலர். ஈஜிஆர் கூலர், அதாவது எஞ்சினுக்குள் திருப்பி விடும் புகையைக் குளிர்விக்கும் பாகம், உள்ளே வெடிப்பு விட்டுக் கூலன்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறது. குளிர்ந்த எஞ்சினை நான் என் கண் முன்னால் ஸ்டார்ட் பண்ணியிருந்தால் வெள்ளைப் புகையும் அந்த இனிப்பு வாடையும் அன்றைக்கே காட்டிக் கொடுத்திருக்கும்.

ஆகவே போனதும் முதல் வேலை: பொனற்றைத் திறந்து எஞ்சின் பிளொக்கில் கையை வையுங்கள். சூடாக இருந்தால் "நாளைக் காலை வருகிறேன், தொடாமல் விடுங்கள்" என்று சொல்லுங்கள். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணும்போது ஒருவர் உள்ளே, ஒருவர் புகைக்குழாய்ப் பக்கம். எத்தனை விநாடியில் பிடிக்கிறது, என்ன நிறப் புகை, அது எவ்வளவு நேரத்தில் மறைகிறது என்று கவனியுங்கள். கொஞ்சம் வெள்ளை வந்து மறைவது குளிரில் இயல்பு. மறையாமல் நின்றால் அது கூலன்ட் அல்லது எரியாத டீசல். நீலம் என்றால் ஒயில். ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னாலேயே கூலன்ட் மூடியைத் திறந்து உள்ளே எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா என்றும் பாருங்கள். சூடான பிறகு அந்த மூடியைத் தொட வேண்டாம். கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

எஞ்சின் சூடானதும் ஒயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, தலைகீழாக அந்த வாயின்மேல் வைத்துப் பாருங்கள். மெதுவாக ஆடிக்கொண்டு அப்படியே இருந்தால் பரவாயில்லை. துள்ளிக் கீழே விழுந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்து, எரிந்த காற்று கீழே இறங்குகிறது என்று அர்த்தம். இது கிராமத்து வைத்தியம் மாதிரித்தான், சில எஞ்சின்கள் நல்ல நிலையிலும் கொஞ்சம் ஊதும். கராஜில் அளவுக்கருவி வைத்து அளந்தால்தான் சரியான விடை. கூடவே ஒயில் மாதிரி எடுத்து லாபுக்கு அனுப்பச் சொல்லுங்கள். செலவு சில பத்து டொலர்தான். செம்பும் ஈயமும் கூடினால் பெயரிங் தேய்கிறது, சோடியம் பொட்டாசியம் கூடினால் கூலன்ட் கலக்கிறது, சிலிக்கன் கூடினால் காற்று வடிகட்டி வழியாகத் தூசி போகிறது. ஒன்று மட்டும்: நேற்றுத்தான் ஒயில் மாற்றினோம் என்றால் அந்தப் பரிசோதனையில் ஒன்றும் தெரியாது. விற்பதற்கு முதல் நாள் ஏன் ஒயில் மாற்றினார்கள் என்று யோசியுங்கள்.

இனி, பழைய ட்ரக் வாங்கியவர்களைக் கவிழ்க்கிற இடத்துக்கு வருவோம். அது எஞ்சின் இல்லை, எஞ்சினுக்குப் பின்னால் இருக்கிற புகை சுத்திகரிப்பு. 2007இலிருந்து வந்த எஞ்சின்களில் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி வந்தது. 2010 விதிமுறையோடு டெஃப் திரவம் தெளித்து நைட்ரஜன் ஒக்சைட்டைக் குறைக்கும் எஸ்சிஆர் வந்தது. உங்கள் 2018இல் இரண்டும் இருக்கும். இதில் ஒரு சென்சர் பிழைத்தாலும் கம்ப்யூட்டர் முதலில் விளக்கைப் போடும், பிறகு பலத்தைக் குறைக்கும், கவனிக்காமல் விட்டால் கடைசியில் மணிக்கு 8 கிலோமீற்றருக்கு மேல் போக விடாது. சுமையோடு ஹைவே 401இல் அந்த வேகத்தில் ஊர்ந்து பார்த்தவருக்குத்தான் அந்த அவமானம் விளங்கும். சென்சர் என்றால் சில நூறு டொலரில் போகும். முழுப் பெட்டியும் மாற்ற வேண்டி வந்தால் பத்தாயிரத்தைத் தாண்டும்.

இதைப் பார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. வெள்ளைத் துணி ஒன்றைக் கொண்டு போங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது புகைக்குழாயின் உட்பக்கத்தைத் துடையுங்கள். டிபிஎஃப் ஒழுங்காக வேலை செய்கிற ட்ரக்கில் துணி கிட்டத்தட்ட அப்படியே வரும். கன்னங்கரேல் என்று வந்தால் வடிகட்டியில் வெடிப்பு விட்டிருக்கிறது, அல்லது உள்ளே இருந்ததை யாரோ கழற்றி எறிந்துவிட்டுக் கம்ப்யூட்டரை ஏமாற்றி வைத்திருக்கிறார்கள். "டிலீட் பண்ணினது, பிரச்சினையே வராது" என்று அதை ஒரு சிறப்பாகச் சொல்லி விற்பவர்களும் உண்டு. ஒன்ராறியோவில் அது சட்டவிரோதம். திரும்பப் பொருத்துகிற செலவு வாங்கியவர் தலையில்தான் விழும்.

பிறகு பில்களைக் கேளுங்கள். கரி எரிந்து போகும், சாம்பல் எரியாது. அதனால் சில லட்சம் கிலோமீற்றருக்கு ஒரு தடவை டிபிஎஃப்பைக் கழற்றி மெஷினில் சுத்தம் செய்தே ஆக வேண்டும். 9,80,000 ஓடிய ட்ரக்கில் அந்த பில் ஒன்றுகூட இல்லை என்றால், அந்தச் செலவு உங்களுக்காகக் காத்திருக்கிறது. ஈசிஎம் ரிப்போர்ட்டில், ட்ரக்கை நிறுத்தி வைத்துச் செய்த ரீஜென், அதாவது வடிகட்டியில் சேர்ந்த கரியை எரிக்கிற வேலை, எத்தனை என்றும் பாருங்கள். அடிக்கடி நிறுத்தி எரிக்க வேண்டியிருந்த ட்ரக்கில் வேறெங்கோ நோய் இருக்கிறது: இன்ஜெக்டர், டர்போ, ஈஜிஆர், ஏதாவது ஒன்று.

எஞ்சின் மேக் பற்றி ஆளுக்கொரு மதம் இருக்கும். டிட்ராய்ட் என்பார், கம்மின்ஸ் என்பார், வொல்வோ என்பார். நான் அந்தச் சண்டைக்குப் போவதில்லை. பராமரித்த எந்த எஞ்சினும் ஓடும். விதிவிலக்காக ஒன்றைச் சொல்வேன்: விலை குறைவு என்று 2011 முதல் 2014 வரையான மாக்ஸ்போர்ஸ் எஞ்சின் உள்ள ட்ரக்கை யாராவது காட்டினால் விட்டுவிடுங்கள். டெஃப் இல்லாமல் ஈஜிஆரை மட்டும் வைத்தே 2010 விதியைச் சமாளிக்கலாம் என்று நவிஸ்டார் என்ற அமெரிக்க ட்ரக் கொம்பனி எடுத்த முயற்சி அது. 2012இல் அந்த வழியைக் கைவிட்டார்கள். பின்னர் அமெரிக்காவில் உரிமையாளர்கள் போட்ட கூட்டு வழக்கு 135 மில்லியன் டொலரில் தீர்ந்தது. மற்றது, 2010 முதல் 2015 வரையான கம்மின்ஸ் என்றால், எஸ்சிஆருக்காக 2018இல் அறிவித்த பெரிய ரீகோல் வேலை செய்து முடிந்ததா என்று வின் நம்பரை, அதாவது ட்ரக்கின் அடையாள எண்ணை, கொடுத்துக் கேளுங்கள்.

அடியில் படுக்காமல் ட்ரக் வாங்கக் கூடாது. பழைய உடுப்பும் நல்ல டோர்ச்சும் தேவை. ஒன்ராறியோ ட்ரக் என்றால் உப்புத் தின்ற ட்ரக். ட்ரக்கைத் தாங்கும் அடிச்சட்டத்தின் இரண்டு தகடுகளுக்கு நடுவே துரு பொங்கித் தகட்டைப் பிதுக்கியிருக்கிறதா, பிரேக்குக்கான காற்றுத் தாங்கிகளின் அடிப்பாகம் உரிந்திருக்கிறதா, டீசல் தாங்கியைக் கட்டிய பட்டி அரித்திருக்கிறதா என்று பாருங்கள். மேலே புதுக் கறுப்புப் பெயின்ட் அடித்த சட்டத்தைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் இரட்டிப்பாகும். சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். நல்ல இரும்பு மணி மாதிரிச் சத்தம் போடும், துருப்பிடித்தது "தொப்" என்னும். வயர் கனெக்டரில் ஒன்றிரண்டைக் கழற்றிப் பச்சைத் தூள் இருக்கிறதா என்றும் பாருங்கள். பாதி சென்சர் பிரச்சினைகள் அங்கேதான் பிறக்கின்றன.

காற்றுப் பிரேக்கை உங்களுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை, ஏ-இசட் பரீட்சைக்குப் படித்ததுதான். காற்றழுத்தம் அதில் சொன்ன நேரத்துக்குள் ஏற வேண்டும். எஞ்சினை நிறுத்தி, பிரேக்கை மிதித்துப் பிடித்தால், ட்ரெயிலர் இல்லாமல், ஒரு நிமிடத்தில் 3 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கக் கூடாது. பரீட்சையில் செய்ததை வாங்கும்போது செய்ய ஏனோ எல்லோரும் வெட்கப்படுகிறார்கள். முன் சக்கரத்தை ஜாக்கில் தூக்கிக் கடப்பாரையால் நெம்பினால் கிங்பின், அதாவது சக்கரம் திரும்பும் அச்சாணி, ஆடுகிறதா என்று தெரியும். முன் டயரின் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அதை அலைன்மென்ட் என்று மட்டும் நினைக்காதீர்கள். டயர் பக்கச்சுவரில் டொட் எழுத்துகளுக்குப் பின் வரும் கடைசி நான்கு இலக்கம், எந்த வாரம் எந்த வருடம் செய்தது என்பது. பத்து டயர் மாற்றுவது ஆயிரக்கணக்கில் போகும், அதை விலையில் பேசலாம். மற்றபடி சீட், படுக்கை, விளக்கு, ரேடியோ எல்லாம் கண்ணுக்குத் தெரிவதுதான். அவற்றில் மயங்கித்தான் மற்றதை விடுகிறோம்.

"சேஃப்டி செய்து தருகிறோம்" என்று டீலர் சொல்வார். அது நல்லதுதான், ஆனால் அது என்ன என்று விளங்கிக்கொள்ளுங்கள். அன்றைய தேதியில் பிரேக், ஸ்டியரிங், டயர், விளக்கு, அடிச்சட்டம் எல்லாம் ரோட்டுக்குத் தகுதி என்பதற்கான தாள் அது. பிஸ்டன் தேய்ந்திருக்கிறதா, டர்போ நாளைக்கு உடையுமா என்று அதில் ஒரு வரிகூட இருக்காது. அதனால் டீலருக்குச் சம்பந்தமில்லாத ஒரு கராஜில் உங்கள் காசில், சில நூறு டொலர் போனாலும் பரவாயில்லை, முழுதாகப் பார்க்கச் சொல்லுங்கள். வாங்காமல் வந்தாலும் அந்தக் காசு வீணில்லை. எஞ்சினை அதே இடத்தில் வைத்தே பிரித்துப் புதுப்பிக்க 20,000 டொலருக்கு மேல் போகிற ஊர் இது.

ஆவணத்தில் ஒரு விஷயம். ஒன்ராறியோவில் பிபிஎஸ்ஏ பதிவேடு என்று ஒன்று இருக்கிறது. அந்த ட்ரக்கின் மேல் யாருக்காவது கடன் உரிமை இருக்கிறதா என்பதை அதில் தேடலாம். வின் நம்பரை மட்டும் போட்டுத் தேடி நிறுத்தாமல், விற்பவரின் பெயரையும் கொம்பனிப் பெயரையும் போட்டுத் தேடுங்கள். காசு வாங்காத மெக்கானிக் போட்ட பழுதுபார்ப்பு உரிமையும் அதே பதிவேட்டில்தான் வரும். உரிமை இருந்தால், காசை விற்பவர் கையில் கொடுக்காமல், கடன்காரருக்கு நேரடியாகக் கட்டி விடுவிப்புக் கடிதம் வாங்கிய பிறகே மிச்சத்தைக் கொடுங்கள்.

சரி, இப்போது கடன். டீலர் சொன்ன பத்து சதவீதத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். 50,000க்கு வருடம் 10 சதவீதம் என்றால் 5,000, நான்கு வருடத்துக்கு 20,000. மொத்தம் 70,000ஐ 48ஆல் வகுத்தால் 1,458. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது, இல்லையா? பிழை எங்கே என்றால், நீங்கள் மாதாமாதம் முதலைக் கட்டிக் குறைத்துக்கொண்டு வருகிறீர்கள். மூன்றாம் வருடம் உங்களிடம் 50,000 கடன் இல்லை. ஆனாலும் வட்டி முழு 50,000க்கும் போடப்படுகிறது. குறைந்துகொண்டு வரும் முதலுக்கு உண்மையான பத்து சதவீதம் என்றால் மாதம் 1,268தான் வர வேண்டும். அவர்கள் கேட்கும் 1,458 என்பது உண்மையில் ஏறக்குறைய 17.6 சதவீத வட்டி. மாதம் 190 டொலர் வித்தியாசம், நான்கு வருடத்தில் 9,130. ஒரு டிபிஎஃப் செலவு அதற்குள் போய்விட்டது.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி "மாதம் எவ்வளவு" அல்ல. "எல்லாக் கட்டணமும் சேர்த்து வருட வட்டி வீதம், ஏபிஆர், எவ்வளவு? எழுத்தில் தாருங்கள்" என்பதுதான் கேள்வி. ஃபக்டர் ரேட், ஃபிளாட் ரேட் என்று வேறு எதையாவது சொன்னால் மறுபடியும் அதையே கேளுங்கள். கனடாவில் 2025 ஜனவரியிலிருந்து சாதாரணக் கடனுக்கு 35 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள், ஆனால் பதிந்த கொம்பனியின் பெயரில் எடுக்கும், 10,000க்கு மேல் 500,000 வரையான வணிகக் கடனுக்கு அது 48 சதவீதம். ட்ரக்கைச் சொந்தப் பெயரில் அல்லாமல் உங்கள் கொம்பனியின் பெயரில் வாங்கினால் அந்த 48தான். சட்டம் காப்பாற்றும் என்று இருந்துவிடாதீர்கள்.

இன்னொன்றும் அந்த 50,000க்குள் ஒளிந்திருக்கிறது. விலை 62,000, எச்எஸ்டி என்கிற விற்பனை வரி 13 சதவீதம் என்றால் 8,060, மொத்தம் 70,060. அந்த வரியையும் சேர்த்து நான்கு வருடக் கடனாக்குகிறார்கள். உங்கள் தொழிலை எச்எஸ்டிக்குப் பதிந்திருந்தால் அந்த 8,060ஐக் கணக்குக் காட்டி அரசாங்கத்திடம் திரும்பப் பெறலாம். சில மாதத்தில் திரும்பி வரும் காசுக்கு ஏன் நான்கு வருடம் வட்டி? வாங்குவதற்கு முன்பே பதிந்துகொள்ளுங்கள். கடன் பத்திரத்தில், இடையில் மொத்தமாகக் கட்டினால் தண்டம் இல்லை என்று எழுதி வாங்கி, வரி திரும்பி வந்த அன்றே கடனில் போடுங்கள். லீஸ் என்றால் வரி ஒவ்வொரு தவணையோடும் போகும், ஆனால் முன்கூட்டிக் கட்டினால் வட்டி மிச்சமாவது அதில் அரிது. லீஸ் முடிவில் ட்ரக்கை எடுக்க எவ்வளவு கட்ட வேண்டும் என்ற தொகையும் எண்ணில் எழுதியிருக்க வேண்டும். "அப்போதைய சந்தை விலை" என்று எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

டீலர் காட்டும் கதவைத் தவிர வேறு கதவும் இருக்கிறது. கனடா சிறு வணிக நிதித் திட்டம் என்று மத்திய அரசின் திட்டம் ஒன்று உண்டு. காசு தருவது வங்கியும் கிரெடிட் யூனியனும்தான். நட்டத்தில் ஒரு பங்கை அரசாங்கம் ஏற்கும். புதிதாகத் தொழில் தொடங்குபவரும் கேட்கலாம், ட்ரக் போன்ற சாதனத்துக்கும் பொருந்தும். மாறும் வட்டி என்றால் வங்கியின் அடிப்படை வட்டியான பிரைம் வீதத்துக்கு மேல் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 17.6 எங்கே, இது எங்கே. ஆனால் வங்கிக் கவுண்டரில் இருப்பவரிடம் கேட்டால் பெரும்பாலும் முழிப்பார். சிறு வணிகக் கணக்கைப் பார்க்கிறவரிடம் நேரம் எடுத்துக்கொண்டு, திட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பழைய ட்ரக், முதல் தடவை என்று தயங்குவார்கள். அதனால் வெறுங்கையோடு போக வேண்டாம்: இரண்டு வருட வரி மதிப்பீட்டுத் தாள், ஆறு மாத வங்கி அறிக்கை, ட்ரைவர் அப்ஸ்ட்ராக்ட் என்கிற ஓட்டுநர் பதிவுத் தாள், கராஜ் ரிப்போர்ட், எல்லாவற்றையும் விட முக்கியமாக, எந்தக் கொம்பனியில் ஓடப் போகிறீர்கள் என்று அந்தக் கொம்பனி தந்த கடிதம். கடன் கொடுப்பவர் பயப்படுவது உங்கள் ட்ரக்கைப் பார்த்தல்ல, உங்களுக்கு வேலை இருக்குமா என்பதை நினைத்துத்தான்.

அந்தக் கடிதம் வேறு காரணத்துக்கும் தேவை. சொந்த சிவிஓஆர், அதாவது வணிக வாகனம் நடத்துபவருக்கான ஒன்ராறியோ பதிவு, எடுத்து, சொந்த இன்சூரன்ஸ் போட்டு முதல் வருடமே தனியாக ஓட நினைக்காதீர்கள். புதியவருக்கு அந்த இன்சூரன்ஸ் ட்ரக் தவணையை விடக் கூடவாக வரலாம். முதல் ஒன்றிரண்டு வருடம் ஒரு கொம்பனியின் சிவிஓஆரின் கீழ் ஓடுவது புத்தி. சில கொம்பனிகள் குறிப்பிட்ட வருடத்துக்கு முந்திய ட்ரக்கை எடுக்காது. வாங்கிய பிறகு அதைக் கேட்டு என்ன பயன்? ஆனால் அந்தக் கொம்பனியே "நாங்களே ட்ரக் தருகிறோம், ஓடிக் கழியுங்கள்" என்றால் விலகி நில்லுங்கள். வேலை தருபவரும் கடன் தருபவரும் ஒருவராக இருந்தால், வேலை போகிற அன்று ட்ரக்கும் கட்டிய காசும் சேர்ந்தே போகும். அமெரிக்காவில் இதை ஆராய அரசாங்கம் அமைத்த பணிக்குழு 2025 ஜனவரியில், இந்த மாதிரித் திட்டங்களைத் தடை செய்ய வேண்டும் என்றே பரிந்துரைத்தது.

முன்பணம் பற்றி நம்மாட்கள் விஷயம் ஒன்று. சீட்டை எடுத்து முன்பணம் கட்டுகிற பழக்கம் ஸ்காபரோவில் நன்றாகவே உண்டு. தப்பென்று சொல்ல மாட்டேன், நானும் செய்திருக்கிறேன். ஆனால் எடுத்த சீட்டைக் கட்டியும் முடிக்க வேண்டும். ட்ரக் தவணை 1,300, சீட்டு 1,000 என்றால் உங்கள் ட்ரக் தவணை 2,300. வங்கிக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரிய வேண்டும். அதேபோல மச்சானைக் கூடக் கையெழுத்துப் போடச் சொல்லும்போது, ட்ரக் இரண்டு மாதம் கராஜில் நின்றால் அவர் வீட்டுக்குக் கடிதம் போகும் என்பதையும் சொல்லிவிட்டே கேளுங்கள். உங்கள் கையெழுத்தும் கவனம். பொதுப் பிணை ஒப்பந்தம் என்று ஒன்றை நடுவில் வைத்திருப்பார்கள். அது ட்ரக்கை மட்டுமல்ல, உங்கள் தொழிலில் உள்ள எல்லாவற்றையும் பிடிக்கும்.

உங்கள் 25,000ஐ நான் இப்படிப் பிரிப்பேன்: முன்பணம் 12,000 அல்லது 13,000. பிளேட், இன்சூரன்ஸ் முன்கட்டு, கொம்பனி பிடிக்கும் வைப்பு, எல்லை தாண்டினால் அமெரிக்கக் கனரக வாகன வரி (கனடாவில் பதிந்த ட்ரக்குக்கு வருடம் 412.50 அமெரிக்க டொலர் வரை), முதல் டீசல் இவற்றுக்கு 3,000 அல்லது 4,000. மிச்சம் ஒரு 9,000 தொடாமல் வங்கியில் கிடக்க வேண்டும். பிறகு ஓடும் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் 15 சதம் அதே கணக்கில் போய் விழ வேண்டும். மாதம் 15,000 கிலோமீற்றர் ஓடினால் 2,250. அதிகம் என்று தோன்றும். வாவாவில் நான் நின்ற இரவு எனக்கு அது அதிகமாகத் தோன்றவில்லை. முன்பணம் 20,000 இல்லாமல் கடனே இல்லை என்று எல்லோரும் சொன்னால், விடை இன்னும் எட்டு மாதம் கொம்பனி ட்ரக் ஓட்டிச் சேர்ப்பதுதான், 5,000த்தோடு இறங்குவதல்ல. 2018 மொடல் ட்ரக் எட்டு மாதத்தில் ஊரை விட்டு ஓடிவிடாது, விலையும் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

வரி விஷயத்தில் கணக்காளரிடம் ஒன்றை மட்டும் நினைவுபடுத்துங்கள்: 11,788 கிலோவுக்கு மேல் எடைத் தகுதியுள்ள சரக்கு ட்ரக் 16ஆம் வகுப்பில், 40 சதவீதத் தேய்மானத்தில் வரும். சாதாரண வாகனம் என்று 30 சதவீதத்தில் போட்டுவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

இன்றைக்கே டீலருக்கு ஒரு போன் போடுங்கள். ஈசிஎம் ரிப்போர்ட் அச்சடித்து வேண்டும், டிபிஎஃப் கடைசியாகச் சுத்தம் செய்த பில் வேண்டும், சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வருகிறேன், அதுவரைக்கும் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் வையுங்கள், இவ்வளவையும் சொல்லுங்கள். கடனைப் பற்றி ஒரு வார்த்தை கதைக்க வேண்டாம். சனிக்கிழமை போய்ப் பிளொக்கில் கை வைக்கும்போது சூடாக இருந்தால், கோப்பியைக் குடித்துவிட்டுத் திரும்பி வாருங்கள்.